உயிர்வேலியில் வாழும் காட்டுக் குருவிகள்

பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களில் மானாவாரி நிலத்தைச் சோளக்காடு, பருத்திக்காடு, கொல்லைக்காடு என்றே மக்கள் சொல்கிறார்கள். காரை, சூரை, உசிலை, வேலம், இலந்தை ஆகியவை அடர்ந்த புதர்க்காடுகளைத் திருத்தித்தான் இங்கே புன்செய் நிலம் உண்டாயிற்று. காடு போன பிறகும் காட்டுக் குருவிகள் முழுவதும் போய்விடவில்லை. வயலைச் சுற்றியிருந்த உயிர்வேலியில் ஒண்டி வாழ்ந்து வந்தன. இப்பொழுது அந்த வேலிகளையும் பிடுங்கிவிட்டுக் கல்தூணும் கம்பியும் நடுகிறார்கள். இதனால் விவசாயிக்கு என்ன லாபம், என்ன நட்டம் என்று கணக்குப் பார்ப்பது அவசியம்.

குருவிகளின் இருப்பிடம்

இப்பகுதியில் காட்டுக் குருவிகளுக்கு இன்று மூன்று இடங்கள் மிஞ்சியுள்ளன. முதலாவது பச்சைமலை. அதன் சரிவுகளிலும் ஓடைக்கரைகளிலும் உள்ள காட்டில் குண்டுக்கரிச்சான், சின்னான் எனப்படும் கொண்டைக்குருவி, வால்காக்கை போன்றவை வாழ்கின்றன. குளிர்காலத்தில் மாங்குயிலும், நாடா போன்ற நீண்ட வாலுடைய வேதிவால் குருவியும் வந்து சேரும்.

இரண்டாவது, ஐயனார் கோயில்களையும் அம்மன் கோயில்களையும் சுற்றியுள்ள கோயில் காடுகள். ஓர் ஏக்கரே இருந்தாலும், கோடரி படாத மரமும் கீழே சருகும் நிழலும் இருப்பதால் குருவிகளுக்கு அது பெரிய புகலிடம். வட, மத்திய இந்தியாவில் குஞ்சு பொரித்துவிட்டு ஐப்பசி வாக்கில் தெற்கே வரும் ஆறுமணிக்குருவிக்கு இப்படிப்பட்ட நிழல் கட்டாயம் வேண்டும். சருகைக் கிளறிப் புழு பூச்சி தின்னும் இக்குருவி, காலையும் மாலையும் ஆறு மணி வாக்கில் கூவுவதால் இப்பெயர் பெற்றது.

மூன்றாவது, விவசாயியின் வேலி. கிளுவை, களா, சூரை, இலந்தை, நொச்சி கலந்து வளர்ந்த பழைய வேலி, காட்டின் ஒரு துண்டுதான்.

1999ஆம் ஆண்டில் சரணாலயமாகி, 2024இல் ராம்சார் பட்டியலிலும் சேர்ந்த கரைவெட்டி ஏரியின் நீர்ப்பறவைகளைப் பலரும் அறிவார்கள். கூட்டங்கூட்டமாக வருவதால் அவை கண்ணில் படுகின்றன. புதருக்குள் வாழும் சிறு குருவிகள் குறைந்துபோவது யார் கண்ணிலும் படுவதில்லை.

வேலியும் கம்பளிப்புழுவும்

மானாவாரி நிலக்கடலைக்குச் சிவப்புக் கம்பளிப்புழு பெரிய எதிரி. மழை பெய்ததும் மண்ணிலிருந்து அந்துப்பூச்சி வெளிவந்து முட்டையிடும். புழுக்கள் கூட்டமாக ஒரு கொல்லையை அழித்துவிட்டு அடுத்த கொல்லைக்குப் போகும். உடம்பெங்கும் உரோமம் இருப்பதால் பெரும்பாலான குருவிகள் இப்புழுவைத் தொடுவதில்லை. குயில் இனத்தைச் சேர்ந்த சுடலைக்குயிலும் அக்காக்குயிலும் கம்பளிப்புழுக்களை விரும்பித் தின்னும்.

இவ்விரு குயில்களும் கூடு கட்டுவதில்லை. தவிட்டுக்குருவியின் கூட்டில்தான் முட்டையிடும். ஏழெட்டாகச் சேர்ந்து கத்திக்கொண்டு திரியும் தவிட்டுக்குருவி, முள் அடர்ந்த புதரிலும் மரக்கிளையிலும் கூடு கட்டும். வெட்டவெளியில் நெடுந்தூரம் பறக்காது. வேலி போனால் தவிட்டுக்குருவி போகும். தவிட்டுக்குருவி போனால் கம்பளிப்புழு தின்னும் குயிலுக்கும் அங்கே இடமில்லை.

வேலியோர நிழலில்தான் கம்பளிப்புழு கூட்டுப்புழுவாகிறது, ஆகவே வேலி கூடாது என்று சிலர் சொல்வதுண்டு. கூட்டுப்புழு நிழல்மண்ணை நாடுவது உண்மையே. அதற்குப் பரிகாரம் வேலியை அழிப்பதல்ல. கோடை மழையைப் பயன்படுத்தி வேலியோரத்தையும் வரப்போரத்தையும் சேர்த்து உழவேண்டும். மேலே வரும் கூட்டுப்புழுக்களை மைனாவும் கரிச்சானும் ஏர் பின்னாலேயே வந்து பொறுக்கிவிடும்.

மக்காச்சோளத்துக்கு உதவி

அமெரிக்கப் படைப்புழு 2018ஆம் ஆண்டில் முதன்முதலாக இந்தியாவில், கர்நாடகத்தில் கண்டறியப்பட்டது. அதே ஆண்டில் தமிழ்நாட்டுக்கும் பரவி, பெரம்பலூர்ப் பகுதி மக்காச்சோளத்தைக் கடுமையாகத் தாக்கியது. இப்புழு குருத்துக்குள் புகுந்துவிட்டால் மருந்தும் எளிதில் எட்டாது, குருவியின் அலகும் எட்டாது. முதல் 30 நாட்களுக்குள் கவனிக்க வேண்டும்.

இந்த நாட்களில் ஏக்கருக்கு 10 பறவைத் தாங்கிகள் நடலாம். பயிரைவிட உயரமான கழியில் குறுக்குக் குச்சி கட்டினால் போதும். இரட்டைவால் குருவி எனப்படும் கரிச்சான் அதில் உட்கார்ந்து புழுவையும், அந்தி மங்கலில் பறக்கும் அந்துப்பூச்சியையும் பிடிக்கும். பக்கத்தில் மரமும் வேலியும் இருந்தால்தான் தாங்கியைத் தேடிக் குருவி வரும் என்பதை மறக்கக்கூடாது. கதிரில் மணி பிடிக்கும் சமயத்தில் தாங்கிகளை அகற்றிவிட வேண்டும். இல்லாவிட்டால் கிளிக்கு அவை வசதியாகிவிடும். தாங்கிகள் மட்டுமே படைப்புழுவை ஒழித்துவிடா. விதை நேர்த்தி, இனக்கவர்ச்சிப் பொறி, வேப்பங்கொட்டைச் சாறு ஆகியவற்றோடு சேர்த்தே இதைக் கையாள வேண்டும்.

நாட்டின் நிலைமை

2023ஆம் ஆண்டில் வெளியான இந்தியப் பறவைகள் நிலை அறிக்கை 942 இனங்களை ஆராய்ந்தது. அவற்றில் 178 இனங்களுக்கு உடனடிக் கவனம் தேவை என்று கூறுகிறது. புழு பூச்சியை உண்ணும் பறவைகள் குறைந்து வருகின்றன. பழமும் தேனும் உண்ணும் பறவைகள் அவ்வளவாகக் குறையவில்லை. காடு, புதர், புல்வெளி என்று ஓரிடத்தையே நம்பி வாழும் இனங்கள் குறைய, எங்கும் பிழைத்துக்கொள்ளும் மயில் போன்றவை பெருகியுள்ளன. விதைத்த கடலையை மயில் கொத்துகிறது என்று வருந்தும் விவசாயிக்கு இது புதுச் செய்தியல்ல. உதவி செய்யும் குருவி குறைகிறது, தொல்லை தரும் பறவை பெருகுகிறது என்பதே இதன் பொருள்.

மயிலுக்கும் கிளிக்கும் விஷம் கலந்த தானியம் வைப்பது சட்டப்படி குற்றம். அதைத் தின்று மற்றப் பறவைகளும், அவற்றைத் தின்னும் ஆந்தையும் நாயும் மடியும். குருணை மருந்தைத் தானியம் என்று எண்ணிக் குருவிகள் பொறுக்குவதும் உண்டு. அப்படிப்பட்ட மருந்தான போரேட் 2020 டிசம்பர் 31 முதல் நாடெங்கும் தடை செய்யப்பட்டுள்ளது. பழைய இருப்பு கிடைத்தாலும் வாங்கக்கூடாது.

குண்டுக்கரிச்சானின் இனிய குரலே அதற்குப் பகையாவதும் உண்டு. சிங்கப்பூரில் கூண்டில் வளர்ப்பதற்காகப் பிடித்துப் பிடித்து, 1970களில் அக்குருவி ஏறக்குறைய அற்றுப்போகும் நிலைக்கு வந்தது. நம் நாட்டில் 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி காட்டுக் குருவிகளைப் பிடிப்பதும் விற்பதும் குற்றமாகும்.

வேலிக்கு ஆகும் செலவு

உயிர்வேலி இடத்தை அடைக்கிறது என்பது நியாயமான குறைதான். சதுரமான ஒரு ஏக்கரின் ஒரு பக்கம் சுமார் 209 அடி. அந்தப் பக்கம் மட்டும் 5 அடி அகலம் விட்டால் 1,045 சதுர அடி, அதாவது இரண்டரைச் சென்ட்டுக்கும் சற்றுக் குறைவு. நான்கு பக்கமும் வேலி வைக்க முடியாதவர்கள் ஒரு பக்கமாவது வைக்கலாம். அடுத்த கொல்லைக்காரரோடு பேசிப் பொதுவரப்பில் வைத்தால் இழப்பு பாதியாகும்.

கவனிக்க வேண்டியவை

1. மழைக்காலத்தை ஒட்டிக் கிளுவைக் கழிகளை நெருக்கமாக நட்டு, இடையிடையே களா, இலந்தை, நொச்சிக் கன்றுகளை வைக்கவும்.

2. சீமைக்கருவேல் வேலியை அகற்றுவது நல்லதே. அதை ஒரே நாளில் முழுவதும் பிடுங்காமல், நாட்டுச் செடிகளை வைத்துக்கொண்டே பகுதி பகுதியாக அகற்றவும்.

3. பங்குனி முதல் ஆனி வரை பல குருவிகள் கூடு கட்டும். இம்மாதங்களில் வேலியைக் கழிக்கவோ தீ வைக்கவோ வேண்டாம். மார்பளவு உயரம் வைத்து ஐப்பசிக்கு முன் கழித்துவிட்டால் பயிருக்கு நிழல் கட்டாது.

4. பட்ட பனையையும் பொந்துள்ள கிழட்டு மரத்தையும் ஆபத்தில்லாத இடத்தில் விட்டுவைக்கவும். மைனாவும் குண்டுக்கரிச்சானும் அவற்றில் குஞ்சு பொரிக்கும்.

5. வேப்பங்கொட்டைச் சாறு தெளிப்பவர்கள் 100 லிட்டர் தண்ணீருக்கு 5 கிலோ கொட்டைப் பருப்பு என்ற அளவில் தயாரிக்கவும். பூச்சி பொருளாதாரச் சேதநிலையைத் தாண்டினால் மட்டும் இரசாயன மருந்துக்குப் போகவும்.

6. கோயில் காட்டில் சருகைக் கூட்டி எரிக்காமல், ஆடு மாடு அதிகம் நுழையாமல் ஊர்க்கட்டுப்பாடு வைக்கவும்.

வேலியைப் பிடுங்க இயந்திரத்துக்குச் சொல்லிவிடும் முன்பு, ஒரு நாள் விடியற்காலையில் அந்த வேலியோரம் அரைமணி நேரம் நின்று பார்ப்பது நல்லது. எத்தனை குருவிகள் உள்ளே போய் வருகின்றன, வாயில் எதைக் கவ்விக்கொண்டு வருகின்றன என்பதை எண்ணிப் பார்த்துவிட்டுப் பிறகு முடிவு செய்யலாம்.