அப்சோர்பர் மாற்றிய பிறகும் இரண்டு வேலை பாக்கி

பெருநாள் காலம் நெருங்கினால் பட்டறைகளில் வரிசை நீளும். நீண்ட தூரம் ஊருக்குப் போக வேண்டும், பிள்ளைகளும் பெரியவர்களும் காரில் இருப்பார்கள் என்பதால் டயர், பிரேக், அப்சோர்பர் எல்லாவற்றையும் ஒருமுறை பார்த்துவிடுவது நம் வழக்கம். அப்சோர்பரில் எண்ணெய் கசிந்தால் மாற்றியும் விடுகிறோம். புதியதை மாட்டியதும் பணத்தைக் கட்டிவிட்டுச் சாவியை வாங்கிக்கொள்கிறோம்.

ஆனால், சஸ்பென்ஷன் வேலை அத்துடன் முடிவதில்லை. போல்ட்டுகளை முறையாக இறுக்குவதும், சக்கரங்களின் கோணத்தைச் சரிபார்ப்பதும் பாக்கி இருக்கின்றன. இவற்றைத் தவறாகச் செய்தால் புதுப் பொருள் சில மாதங்களிலேயே பழுதாகிவிடும். டயர் தேயும். சில வேளைகளில் உயிருக்கே ஆபத்தாக முடியும்.

இதை நான் கைக்காசு போன பிறகுதான் கற்றேன். என் பழைய காருக்கு முன்பக்க அப்சோர்பரையும் லோவர் ஆர்ம் இரண்டையும் ஒரு பட்டறையில் மாற்றினேன். ஆறு மாதத்தில் வேகத்தடைகளில் ஏறும்போதெல்லாம் சத்தம் கேட்டது. இன்னொரு பட்டறையில் காட்டியபோது, அங்கிருந்த வயதான மெக்கானிக் ரப்பர் புஷ்ஷில் இருந்த வெடிப்பைக் காட்டி, “தம்பி, இத தொங்க வச்சே டைட் பண்ணியிருக்காங்க” என்றார். பொருளில் குறை இல்லை, இறுக்கிய விதத்தில்தான் குறை என்பதை அவர்தான் விளக்கினார்.

தொங்கும் நிலையில் ஏன் இறுக்கக் கூடாது?

லோவர் ஆர்ம் காரின் அடிச்சட்டத்தோடு சேரும் இடத்தில் ரப்பர் புஷ் இருக்கும். அதன் நடுவில் ஓர் இரும்புக் குழாய், அதற்குள் போல்ட். போல்ட்டை இறுக்கியதும் அந்தக் குழாய் சட்டத்தோடு அசையாமல் பிடித்துக்கொள்ளும். அதன் பிறகு சக்கரம் மேலும் கீழும் போகும்போது சுழல்வது குழாய் அல்ல. அதைச் சுற்றியுள்ள ரப்பர்தான் முறுக்கிக்கொண்டு திரும்புகிறது.

காரை லிஃப்ட்டில் தூக்கினால் சக்கரங்கள் கீழே தொங்கும். அந்த நிலையிலேயே போல்ட்டை முழுவதும் இறுக்கினால், ரப்பர் அதையே தன் இயல்பான நிலையாக எடுத்துக்கொள்கிறது. கார் தரைக்கு இறங்கியதும் ஆர்ம் மேலே எழும், ரப்பர் முறுக்கிக்கொள்ளும். கார் வீட்டு வாசலில் சும்மா நின்றாலும் அந்த முறுக்கு விடாது. அதன்மேல் பள்ளமும் மேடும் சேரும்போது ரப்பர் சீக்கிரம் கிழிந்துவிடும். காரின் ஓட்டமும் விறைப்பாக இருக்கும்.

சரியான முறை எளிது. முதலில் எல்லா போல்ட்டுகளையும் மாட்டி, லேசாக மட்டும் இறுக்க வேண்டும். பிறகு காரின் எடை சக்கரங்களின்மேல் விழும் நிலைக்குக் கொண்டுவந்து புஷ் போல்ட்டுகளை முழுமையாக இறுக்க வேண்டும். இதற்கு, காரை அப்படியே ஏற்றி நிறுத்தும் நான்கு தூண் லிஃப்ட் வசதியானது. அது இல்லாவிட்டால், லோவர் ஆர்மின் அடியில் ஜேக் வைத்து, கார் தரையில் நிற்கும்போது இருக்கும் உயரத்துக்கு அதைத் தூக்கிவிட்டு இறுக்கலாம். கூடுதலாக ஆகும் நேரம் சில நிமிடங்கள்தான்.

எல்லா போல்ட்டுக்கும் இந்த விதி பொருந்தாது. அப்சோர்பரைச் சக்கரத்தின் நக்கிளோடு இணைக்கும் இரண்டு போல்ட்டுகளையும், பால் ஜாயிண்ட் நட்டையும் தொங்கும் நிலையிலேயே இறுக்கலாம். ரப்பர் புஷ்ஷின் நடுவே போகும் போல்ட்டுகளுக்குத்தான் காரின் எடை வேண்டும்.

எவ்வளவு இறுக்க வேண்டும்?

போல்ட் என்பது ஒரு வகையில் ஸ்பிரிங் போன்றது. இறுக்கும்போது அது மிக நுண்ணிய அளவு நீள்கிறது. மீண்டும் சுருங்க முயலும் அந்த விசைதான் இரண்டு பாகங்களையும் அழுத்திப் பிடிக்கிறது. குறைவாக இறுக்கினால் பாகங்கள் அசைந்து போல்ட் தளரும். அளவுக்கு மீறி இறுக்கினால் மரை சேதமாகும், அல்லது போல்ட் பலவீனமாகி ஒருநாள் உடையும்.

அதனால்தான் தயாரிப்பாளர்கள் ஒவ்வொரு போல்ட்டுக்கும் இறுக்க அளவை நியூட்டன் மீட்டரில் குறிப்பிடுகிறார்கள். சிறிய கார்கள் பலவற்றில் வீல் நட்டுக்கு இது சுமார் 100 நியூட்டன் மீட்டர். அரை மீட்டர் நீளமுள்ள ஸ்பேனரின் முனையில் 20 கிலோ எடையைத் தொங்கவிட்டால் கிடைக்கும் விசைக்கு இது சமம். ஏர் கன்னை வைத்து ‘டர்ர்’ என்று முடுக்கினால் இந்த அளவு தெரியாது. கடைசி இறுக்கத்தை டார்க் ரெஞ்ச் கொண்டு செய்வதே முறை.

வீல் நட்டுகளை வரிசையாக அல்லாமல், எதிரெதிராக மாற்றி மாற்றி இறுக்க வேண்டும். சக்கரத்தைக் கழற்றி மாட்டிய பிறகு 50 முதல் 100 கி.மீ. ஓடியதும் மீண்டும் ஒருமுறை இறுக்கத்தைச் சரிபார்ப்பது நல்லது. கோலாலம்பூரிலிருந்து பினாங்குக்குக் கிளம்புகிறவர்கள் முந்தின நாள் மாலையில் பட்டறை வேலை செய்துவிட்டு விடியற்காலையில் நெடுஞ்சாலை ஏறாமல் இருப்பது இதனால்தான் முக்கியம். ஒரு வாரத்துக்கு முன்பே வேலையை முடித்தால், பக்கத்தில் ஓட்டிப் பார்த்துச் சரிசெய்ய அவகாசம் கிடைக்கும்.

நைலான் வளையம் உள்ள நட்டுகள் ஒருமுறை பயன்பாட்டுக்கானவை. கழற்றிய பழைய நட்டையே திரும்ப மாட்டினால் அதன் பிடி குறைந்திருக்கும்.

வீட்டிலேயே வேலை செய்ய நினைப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. ஸ்பிரிங் சுற்றியிருக்கும் அப்சோர்பரின் உச்சியில் நடுவே உள்ள நட்டை, ஸ்பிரிங்கை அதற்குரிய கருவியால் சுருக்கிப் பிடிக்காமல் ஒருபோதும் கழற்றக் கூடாது. அடைபட்ட ஸ்பிரிங் தெறித்தால் ஆளைக் கொல்லும்.

கோணம் மாறினால் டயர் தேயும்

அலைன்மெண்ட்டில் மூன்று கோணங்களைப் பார்ப்பார்கள். காரை மேலிருந்து பார்க்கும்போது சக்கரங்களின் முன்பகுதி உள்நோக்கியோ வெளிநோக்கியோ திரும்பியிருப்பது டோ. முன்னாலிருந்து பார்க்கும்போது சக்கரத்தின் தலை உள்ளே அல்லது வெளியே சாய்ந்திருப்பது கேம்பர். பக்கவாட்டிலிருந்து பார்க்கும்போது சக்கரம் திரும்பும் அச்சின் சாய்வு கேஸ்டர். வளைவு முடிந்ததும் ஸ்டீயரிங் தானாக நேராவதற்கு இதுவே முக்கியக் காரணம்.

டயரை வேகமாகத் தின்பது டோ. ஒரு சக்கரம் கால் பாகை மட்டும் விலகியிருப்பதாக வைத்துக்கொள்வோம். கண்ணுக்குத் தெரியாது. ஆனால், ஒவ்வொரு கிலோமீட்டர் ஓட்டத்திலும் அந்த டயர் ஏறக்குறைய 4.4 மீட்டர் பக்கவாட்டில் உரசப்படுகிறது. கோலாலம்பூரிலிருந்து பினாங்குக்குச் சுமார் 350 கி.மீ. ஒருவழிப் பயணத்திலேயே அந்த டயரை 1.5 கி.மீ. தூரம் தார்ச்சாலையில் குறுக்காக இழுத்துச் சென்றதற்கு அது சமம்.

நக்கிள் போல்ட்டைக் கழற்றி முன்பக்க அப்சோர்பரை மாற்றினாலோ, லோவர் ஆர்ம், டை ராட் மாற்றினாலோ, ஸ்பிரிங்கை மாற்றிக் காரின் உயரத்தைக் குறைத்தாலோ அலைன்மெண்ட் கட்டாயம். போல்ட் ஓட்டையில் இருக்கும் சிறிய இடைவெளியே கேம்பரை மாற்றப் போதும். கேம்பர் மாறினால் டோவும் மாறும். ஸ்டெபிலைசர் லிங்க் மட்டும் மாற்றினால் தேவையில்லை. பின்பக்கம் இரு சக்கரங்களையும் ஒரே பீம் இணைக்கும் சிறிய கார்களில், பின் அப்சோர்பரை மாற்றுவதாலும் கோணம் மாறாது.

வரிசையும் முக்கியம். போல்ட்டுகளை முழுமையாக இறுக்கிய பிறகே அலைன்மெண்ட் செய்ய வேண்டும். டயர் காற்றழுத்தம் சரியாக இருக்க வேண்டும். ஜேக்கிலிருந்து இறக்கியதும் அளக்காமல், காரைச் சற்று முன்னும் பின்னும் உருட்டிச் சக்கரங்களை இயல்பு நிலைக்கு வரவிட வேண்டும். புது ஸ்பிரிங் போட்டிருந்தால் அது அமர்ந்துகொள்ள 500 முதல் 1,000 கி.மீ. ஓட்டிவிட்டு மீண்டும் ஒருமுறை சரிபார்க்கலாம்.

பட்டறையில் என்ன கேட்கலாம்?

கேட்பது மெக்கானிக்கை அவமதிப்பது ஆகாது. “புஷ் போல்ட்டைக் கார் எடையில் இறுக்கினீர்களா?” “டார்க் ரெஞ்ச் பயன்படுத்தினீர்களா?” “அலைன்மெண்ட்டுக்கு முன்னும் பின்னும் எடுத்த அளவுத் தாளைத் தர முடியுமா?” இந்த மூன்று கேள்விகள் போதும். வேலை தெரிந்தவர் தயங்காமல் பதில் சொல்வார். அளவுத் தாளை வைத்திருந்தால் அடுத்த முறை ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

கார் கைக்கு வந்ததும் நேரான சாலையில் மெதுவாக ஓட்டிப் பாருங்கள். ஸ்டீயரிங் கோணலாக இருந்தாலோ, கார் ஒரு பக்கம் இழுத்தாலோ அன்றே திரும்பிச் செல்லுங்கள். நம் சாலைகள் மழைநீர் வடிவதற்காக இடப்பக்கம் சற்றுச் சரிந்திருப்பதால், இடப்பக்கம் மிக லேசாக நகர்வது இயல்பு. வேகம் 90 கி.மீ.யைத் தாண்டும்போது மட்டும் ஸ்டீயரிங் அதிர்ந்தால், பெரும்பாலும் அது அலைன்மெண்ட் கோளாறு அல்ல. பேலன்சிங் பார்க்க வேண்டும். வேகத்தடையில் ஏறும்போது ‘டொக்’ என்று சத்தம் வந்தால் ஏதோ ஒரு போல்ட் தளர்ந்திருக்கலாம். புது அப்சோர்பர் பழகட்டும் என்று யாராவது சொன்னால் கேட்டுக்கொண்டு சும்மா இருக்காதீர்கள். காரைத் தூக்கிப் பார்க்கச் சொல்லுங்கள்.

மாதம் ஒருமுறை கையால் டயரின் முகப்பை உள்ளிருந்து வெளியாகவும் வெளியிலிருந்து உள்ளாகவும் தடவிப் பாருங்கள். ஒரு பக்கம் வழுவழுப்பாகவும் மறுபக்கம் ரம்பம் போலவும் தட்டுப்பட்டால் டோ கெட்டிருக்கிறது என்று பொருள். டயர் முழுவதும் தேய்வதற்கு முன்பே அதைச் சரிசெய்துவிடலாம்.