ரெண்டு சிம், ஒரே மடை

2025 மாசி மாதம். பாபநாசம் பக்கத்தில் ஒரு கிராமம். விவசாயிகளுக்கான தனித்துவ அடையாள எண் பதிவு முகாம். சிட்டா நகலும் ஆதாருமாக ஒரு பெரியவர் மேஜை முன்னால் நிற்கிறார்.

"ஓடிபி வந்துச்சாங்கய்யா?" என்று பதிவு செய்கிற பெண் கேட்கும்போதே போன் அடிக்கிறது. அறுவடை வண்டிக்காரர். வயல் காய்ந்திருக்கிறதா, டயர் வண்டி இறங்குமா, பெல்ட் வண்டிதான் வேணுமா என்று பேச்சு நீள்கிறது. பேசி வைத்த மறு நொடி ஓடிபி வந்து விழுந்தது. அதற்குள் நேரம் முடிந்து, பக்கம் முதலிலிருந்து தொடங்கச் சொன்னது.

"டவர் சரியில்லம்மா" என்றார் பெரியவர்.

டவர்மேல் தப்பில்லை. வண்டிக்காரர் கூப்பிட்டது முதல் சிம்முக்கு. ஓடிபி வர வேண்டியது இரண்டாவதுக்கு. விலை குறைந்த போன்களில் பெரும்பாலும் சிம் இரண்டு இருந்தாலும், சிக்னலைப் பிடிக்கிற ரேடியோ ஒன்றுதான். சும்மா இருக்கும்போது இரண்டையும் மாற்றி மாற்றிக் கவனித்துக்கொள்ளும். ஒன்றில் பேச ஆரம்பித்தால் மற்றதற்குக் காது அடைத்துவிடும். மடை ஒன்று, வயல் இரண்டு என்றால் முறை வைத்துத்தான் பாயும். டெல்டாக்காரர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம்.

ஒரு சிம்மில் பேசும்போது இன்னொன்றின் நெட் நின்றுபோவதும் இதனால்தான். செட்டிங்ஸில் சிம் பகுதிக்குள் போய், அழைப்பின்போது டேட்டா மாறிக்கொள்ளும் வசதியை ஆன் செய்தால், பேசுகிற சிம்மின் நெட்டையே போன் எடுத்துக்கொள்ளும். அதிலும் டேட்டா பேக் இருக்க வேண்டும், அவ்வளவுதான் சிக்கல். இரண்டு ரேடியோ உள்ள போனை வாங்கினால் வேலை முடிந்தது என்கிறார் கும்பகோணத்துச் செல்போன் கடைத் தம்பி. இருக்கலாம், அதன் விலையையும் அவரேதான் சொல்கிறார்.

என் கவலை அந்த இரண்டாவது சிம்.

'லைஃப்டைம்' என்று 2006 வாக்கில் 999 ரூபாய்க்கு விற்ற காலத்து எண் அது. ஆதார், சொசைட்டி நகைக்கடன், நெல் போட்ட பணம் வருகிற வங்கிக் கணக்கு எல்லாம் அதில்தான். 2018 கடைசியில் லைஃப்டைமுக்கே ஆயுள் முடிந்தது: ரீசார்ஜ் இல்லாவிட்டால் இன்கமிங்கும் கட். அதே வருஷம் நவம்பரில் கஜா புயல் டவர்களைச் சாய்த்தபோது, எந்தக் கம்பெனிக்கு முதலில் சிக்னல் வந்ததோ அதில் ஒரு சிம் வாங்கிப் போட்டவர்கள் கடைமடையில் உண்டு. நெட் புதுசுக்குப் போனது. பழசு ஓடிபிக்கு மட்டும் என்றானது.

28 நாள் பேக் என்றால் வருஷத்துக்கு 13 ரீசார்ஜ். ரெண்டு சிம்முக்கு 26. நெல் காசோ போகம் முடிந்தால்தான். ஐப்பசி, கார்த்திகையில் கை வறண்டால் முதலில் விடுபடுவது பழைய சிம். 90 நாள் பயன்படாமல் கிடந்தால் எண்ணை முடக்கிவிடலாம். பிறகு அது வேறு யார் கைக்கோ போகும், ஓடிபியும் கூடவே போகும். 2024 டிசம்பரில் விதியைத் திருத்தி, டேட்டா இல்லாமல் பேச்சுக்கும் எஸ்எம்எஸ்ஸுக்கும் மட்டுமான பேக் கட்டாயம் வேண்டும், 365 நாள் வரை செல்லுபடி தரலாம் என்று கொண்டுவந்தார்கள். பழைய சிம்முக்கென்றே அளவெடுத்துத் தைத்த மாதிரி இருக்கிறது. ரீசார்ஜ் கடையில் அதைக் கேட்டு வாங்கியவரை நான் இன்னும் பார்க்கவில்லை.

முகாமில் இரண்டாவது முறை ஓடிபி கேட்டபோதும் போன் அடித்தது. வண்டிக்காரர்தான். பெரியவர் ஒரு கணம் பார்த்துவிட்டுக் கட் பண்ணினார்.

"வண்டி வேற வயலுக்குப் போனாப் போவட்டும். நீ போடும்மா."