தகவல் துளி: தந்தையும் மகனும் தேடிய புதையல்

1989-இல் வெளிவந்த 'இண்டியானா ஜோன்ஸ் அண்ட் த லாஸ்ட் குருசேட்' படத்தில், தந்தை ஷான் கானரியும் மகன் ஹாரிசன் ஃபோர்டும் புனிதக் கிண்ணத்தைத் தேடிப் போவார்கள். நேயர்களே, அப்படியொரு நிஜத் தேடல் நம் சென்னை அஸ்தினாபுரத்துக்குப் பக்கத்திலேயே தொடங்கியது! 1863 மே 30 அன்று, பல்லாவரத்தில் புவியியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபுட் ஒரு கற்கோடரியைக் கண்டெடுத்தார். பழைய கற்கால மனிதர் இந்தியாவில் வாழ்ந்ததற்கான முதல் சான்று அது. 1880-களில் கர்நூல் பகுதியின் பில்லசுர்கம் குகைகளை அகழ்ந்தபோது, அவருக்குத் தோள் கொடுத்தவர் மகன் ஹென்றி. அங்கே பழங்கால விலங்குகளின் எலும்புகள் கிடைத்தன. ஃபுட் சேகரித்த கற்கருவிகள் எழும்பூர் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. பிள்ளைகளை அழைத்துப் போய்க் காட்டுங்கள்; நம் மண்ணின் தொன்மை அவர்களுக்குப் புரியும்.