போர்ச்சில் எண்ணெய்ப் பொட்டு: நீங்களே சரிசெய்யலாமா, பட்டறைக்குப் போகணுமா?

காலையில் காரை வெளியே எடுத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தால், போர்ச் தரையில் ஐம்பது காசு அளவுக்கு ஒரு கறுப்புப் பொட்டு. நேற்று அது இல்லை. "மினியாக் ஹித்தாம் ஒழுகுது போல, ஃபோர்மேன்கிட்ட காட்டு" என்கிறார் அப்பா. நீங்கள் பார்த்த காணொளியில் ஒருவர் அரை மணி நேரத்தில் தானே சரிசெய்துவிடுகிறார். யார் சொல்வதைக் கேட்பது?

எவ்வளவு ஒழுகுகிறது என்பதைவிட எங்கிருந்து ஒழுகுகிறது என்பதே அதை முடிவு செய்யும். சில ரிங்கிட் பெறும் ஒரு ரப்பர் வளையத்தை மாற்ற கியர்பாக்ஸையே கழற்ற வேண்டிய இடமும் எஞ்சினில் உண்டு. ஒரே ஒரு நட்டைக் கழற்றினால் போதும் என்ற இடமும் உண்டு.

முதலில், அது எஞ்சின் எண்ணெய்தானா?

இரவில் காரின் அடியில் ஓர் அட்டையை விரித்து வையுங்கள். காலையில் தெளிந்த தண்ணீர் இருந்தால் அது ஏர்கோண்ட் நீர், கவலை வேண்டாம். பச்சையோ இளஞ்சிவப்போ என்றால் கூலன்ட்டாக இருக்கலாம். சிவப்பு நிற எண்ணெய் என்றால் பெரும்பாலும் கியர் எண்ணெய். பழுப்பும் கறுப்புமாக வழுவழுப்பாக இருப்பதுதான் எஞ்சின் எண்ணெய். சக்கரத்தின் பக்கத்தில் மெல்லிய எண்ணெய் போல ஏதாவது தெரிந்தால், பிரேக் திரவமா என்று பார்க்காமல் காரை எடுக்காதீங்க.

அடுத்து டிப்ஸ்டிக். சமதரையில் நிறுத்தி, எஞ்சினை அணைத்துச் சில நிமிடம் கழித்துப் பாருங்கள். பெரும்பாலான கார்களில் கீழ்க்கோட்டுக்கும் மேல்கோட்டுக்கும் இடையே ஏறக்குறைய 1 லிட்டர். கீழ்க்கோட்டைத் தொட்டுவிட்டால் எண்ணெய் ஊற்றாமல் ஓட்டக்கூடாது. ஓட்டும்போது சிவப்பு எண்ணெய் விளக்கு எரிந்தால், பாதுகாப்பான இடத்தில் உடனே நிறுத்தி எஞ்சினை அணையுங்கள். அது எண்ணெய் அழுத்தம் விழுந்துவிட்டதைச் சொல்கிறது. "வீடு வரைக்கும் போயிடலாம்" என்று ஓட்டினால் எஞ்சின் ஜாம் ஆகலாம். மோட்டார்சைக்கிள் வைத்திருப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்கணும். சிறிய கப்சாய்களில் மொத்த எண்ணெயே 1 லிட்டரை ஒட்டித்தான் இருக்கும்.

ஊற்றுக்கண்ணைத் தேடுவது

எண்ணெய் சொட்டும் இடம் வேறு, கசியும் இடம் வேறு. மேலே கசிவது வழிந்து கீழே வரும். ஓடும்போது காற்று அதைப் பின்னால் தள்ளும். அதனால் ஈரமாக இருக்கும் மிக உயரமான இடத்தைத் தேடுங்கள். எஞ்சின் ஆறியதும் டிகிரீசரால் துடைத்து, ஒரு நாள் ஓட்டிவிட்டு, டார்ச் அடித்துப் பாருங்கள். அவசரப்பட்டு பாகம் வாங்குகிறவர்கள் பலர் தவறவிடுவது இந்தப் படியைத்தான்.

அண்மையில்தான் எண்ணெய் மாற்றினீர்களா? அப்படியென்றால் முதல் சந்தேகம் அடியில் உள்ள டிரெயின் நட்டும் எண்ணெய் ஃபில்ட்டரும். நட்டின் வாஷர் பல கார்களில் ஒருமுறை மட்டும் பயன்படுத்துவதற்கானது. பழையதையே மறுபடி போட்டால் கசியும். ஆத்திரத்தில் இன்னும் இறுக்கினால் அலுமினியத் தொட்டியின் மரை போய்விடும். ஃபில்ட்டரில் வேறொரு வம்பு: பழைய ரப்பர் வளையம் எஞ்சினிலேயே ஒட்டிக்கொண்டிருக்க, அதன் மேல் புதியதைப் பூட்டிவிடுவது. இது சொட்டாது, கொட்டும்.

எஞ்சின் தலையில் கசிவா? வால்வ் கவர் கேஸ்கட்டாக இருக்கலாம். வெப்பத்தில் ரப்பர் இறுகிப்போய் இப்படி ஆகும். வழியும் எண்ணெய் சூடான எக்ஸோஸ்ட்டில் விழுந்தால் கருகும் வாடை வரும், புகையும், சில நேரம் தீயும் பிடிக்கலாம். இருந்தாலும், பொறுமையும் டார்க் ஸ்பேனரும் இருந்தால் இது வீட்டில் செய்யக்கூடிய வேலைதான். பழைய கேஸ்கட் துணுக்குகளைச் சுத்தமாக எடுத்து, நட்டுகளை நடுவிலிருந்து வெளிப்பக்கமாக, தயாரிப்பாளர் சொன்ன அளவுக்கே இறுக்கணும். சிலிக்கோனை நீளமாகப் பூசாதீங்க. கையேடு சொல்லும் மூலைகளில் ஒரு பொட்டு போதும். அதிகமானால் உள்ளே உதிர்ந்து, எண்ணெய் உறிஞ்சும் வலையை அடைத்துவிடும். வெளியிலிருந்து சிலிக்கோன் அப்புவது, ஈரச்சுவரில் ஸ்டிக்கர் ஒட்டுவது மாதிரி.

கேஸ்கட் மாற்றியும் மறுபடி ஒழுகுகிறதா? பிசிவி வால்வைப் பாருங்கள். எஞ்சினுக்குள் சேரும் வாயுவை வெளியேற்றும் சின்னப் பாகம் அது. அடைபட்டால் உள்ளழுத்தம் கூடி, நல்ல சீல்கள் வழியாகவும் எண்ணெயைத் தள்ளும். விலை குறைவு, மாற்றுவதும் பல கார்களில் எளிது. என்னைக் கேட்டால், கேஸ்கட்டோடு சேர்த்தே இதையும் சோதிக்க வேண்டும்.

எஞ்சினும் கியர்பாக்ஸும் சேரும் இடத்தில் சொட்டினால் அது ரியர் மெயின் சீலாக இருக்கலாம். அதை எட்ட கியர்பாக்ஸை இறக்கணும், பட்டறைக்கு விட்டுவிடுங்கள். டைமிங் பெல்ட் உள்ள பழைய கார்களில் பெல்ட் பக்கம் எண்ணெய் தெரிந்தாலும் அப்படியே. பெல்ட் அறுந்தால் எஞ்சினே போகலாம். உத்தரவாதம் முடியாத கார் என்றால் கை வைக்காமல் சேவை மையத்துக்கே போவது நல்லது. கடையில் விற்கும் 'ஸ்டாப் லீக்' திரவம் இறுகிய ரப்பரைச் சற்று மென்மையாக்கி மெல்லிய கசிவைக் குறைக்கலாம். கிழிந்த கேஸ்கட்டை அது ஒட்டாது. காசு சேரும்வரை நாள் கடத்த வேண்டுமானால் உதவும்.

எந்த வேலையானாலும், ஜேக்கை மட்டும் நம்பிக் காரின் அடியில் போகாதீங்க. கெட்டியான சமதரையில் ஜேக் ஸ்டாண்டு வைத்து, சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, காரை ஒருமுறை அசைத்துப் பார்த்த பிறகே. ஸ்டாண்டு இல்லையென்றால் அன்றைக்கு அந்த வேலை இல்லை.

வடித்த எண்ணெயை வீட்டு முன் லோங்காங்கில் ஊற்றாதீங்க. 2005ஆம் ஆண்டின் விதிமுறைகளின்கீழ் பயன்படுத்திய மசகு எண்ணெய் மலேசியாவில் எஸ்டபிள்யூ 305 என்ற அட்டவணைக் கழிவு. மூடியுள்ள போத்தலில் ஊற்றி, பழைய எண்ணெயைச் சேர்த்து வைக்கும் பட்டறையிடம் கேட்டுக் கொடுத்துவிடுங்கள்.