சமூகப் புத்தாக்கம்

சமூகப் புத்தாக்கம் என்பது ஒரு சமூகச் சிக்கலுக்கு ஏற்கனவே உள்ள வழிகளைவிடக் கூடிய பயனும் நீதியும் தரும் புதிய தீர்வொன்றை உருவாக்கி, அதனை நடைமுறையில் நிலைபெறச் செய்வதைக் குறிக்கும். அதன் நன்மை தனியொருவருக்கு அன்றி, முதன்மையாகச் சமூகத்துக்குச் சேரவேண்டும். பேண்தகு வளர்ச்சி பற்றிய எழுத்துகளில் இச்சொல் மிகுதியாகப் பயன்படுகின்றது. எனினும் நன்கொடை, நற்பணி, புதிய கருவி ஆகிய எல்லாவற்றையும் இப்பெயரால் அழைக்கும் வழக்கமும் உண்டு. இவற்றைப் பிரித்தறிய உதவும் எடுத்துக்காட்டுகள் சில மதுரை நகரிலும் அதைச் சூழ்ந்த சமவெளியிலும் உள்ளன.

வரைவிலக்கணம்

கண்டுபிடிப்பு வேறு, புத்தாக்கம் வேறு எனப் பொருளியலாளர் யோசப் சும்பீட்டர் வேறுபடுத்தினார். ஒரு புதிய எண்ணம் பயன்பாட்டுக்கு வந்து பழைய ஏற்பாட்டை மாற்றும்போதே அது புத்தாக்கம் ஆகின்றது. சமூகப் புத்தாக்கத்தில் மாறுவது மனிதர்களுக்கு இடையிலான ஏற்பாடு: யார் வேலை செய்வது, யார் செலவை ஏற்பது, யார் முடிவெடுப்பது என்பன.

வருங்காலத் தலைமுறையினரின் தேவைகளுக்கு ஊறு நேராமல் இன்றைய தேவைகளை நிறைவு செய்வதே பேண்தகு வளர்ச்சி என 1987 இல் புருண்ட்லாண்ட் ஆணையம் விளக்கியது. இவ்விரு கருத்துகளையும் இணைத்துப் பார்க்கும்போது இரண்டு கேள்விகள் எழுகின்றன. வெளியுதவி நின்றபின்னும் அந்த ஏற்பாடு தொடருமா? அது தொடர்வதற்காக நீர், நிலம் முதலிய வளங்கள் தேய்கின்றனவா?

அரவிந்த் கண் மருத்துவமனை

அரசுப் பணியிலிருந்து ஓய்வுபெற்ற கண் மருத்துவர் கோ. வெங்கடசாமி (1918–2006), 1976 இல் மதுரையில் 11 படுக்கைகளுடன் இம்மருத்துவமனையைத் தொடங்கினார். கண்புரை அறுவை மருத்துவம் அப்போது புதியதன்று. அதைச் செய்யும் மருத்துவரின் நேரமே அரிதாக இருந்தது. எனவே ஒருவருக்கு அறுவை நடக்கும்போதே அடுத்தவர் பக்கத்து மேசையில் ஆயத்தம் செய்யப்பட்டார். பார்வைச் சோதனை போன்ற, மருத்துவர் செய்தே ஆகவேண்டியதில்லாத பணிகளைச் சிற்றூர்களிலிருந்து தேர்ந்தெடுத்துப் பயிற்றப்பட்ட இளம்பெண்கள் ஏற்றனர். கட்டணம் செலுத்துவோரால் வரும் வருவாய், செலுத்த இயலாதோருக்கான மருத்துவத்தையும் தாங்கியது.

கட்டணம் இல்லை என்பதாலேயே மக்கள் வந்துவிடவில்லை என்பது இங்கு கவனிக்கத்தக்கது. பேருந்துச் செலவு, இழக்கும் நாட்கூலி, துணைக்கு வருபவரின் கூலி ஆகியவை ஏழை நோயாளியைத் தடுத்தன. ஊர்களில் முகாம் நடத்துதல், நோயாளிகளை மருத்துவமனைக்கு அழைத்துவருதல், உணவளித்தல் ஆகியவை இதனாலேயே இவ்வேற்பாட்டின் பகுதிகளாயின. கண்ணுள் பொருத்தும் வில்லை இறக்குமதியில் ஏறத்தாழ 100 அமெரிக்க டாலர் விலையில் இருந்தபோது, 1992 இல் தொடங்கப்பட்ட ஆரோலேப் அதனைச் சுமார் 10 டாலருக்குத் தயாரித்தது.

வளங்களைப் பற்றிய இரண்டாவது கேள்விக்கும் இங்கு ஓரளவு விடை உண்டு. 2017 இல் வெளியான ஆய்வொன்று, இங்கு ஒரு கண்புரை அறுவையால் வெளியாகும் பைங்குடில் வளிமங்கள் ஏறத்தாழ 6 கிலோகிராம் கார்பன் டை ஆக்சைடுக்கு ஈடானவை என்றது. இது ஐக்கிய இராச்சியத்தில் கணக்கிடப்பட்ட அளவில் சுமார் இருபதில் ஒரு பங்கு. கருவிகளையும் துணிகளையும் தூய்மை செய்து திரும்பப் பயன்படுத்துவது இதற்கு ஒரு காரணம்.

கண்மாயும் வயலகமும்

மதுரை வட்டாரத்தில் பாசன ஏரி கண்மாய் எனப்படும். வரத்துக்கால்வாயைத் தூர்வாருதல், கரையைப் பலப்படுத்துதல், மடையைப் பேணுதல் ஆகியவற்றை ஊரார் கூடிச் செய்யும் முறை குடிமராமத்து ஆகும். பிரித்தானியர் ஆட்சியில் பராமரிப்புப் பொறுப்பு அரசுத் துறைகளிடம் செல்லச் செல்ல, இம்முறை நலிந்தது. 1990களில் பிரதான் அமைப்பும், அதிலிருந்து 1997 இல் தனித்து உருவான, மதுரையைத் தலைமையிடமாகக் கொண்ட தானம் அறக்கட்டளையும், ஆயக்கட்டு உழவர்களை வயலகம் என்னும் சங்கங்களாக அமைத்தன. பழைய முறையை அப்படியே மீட்பது இயலாது. ஊரின் கட்டமைப்பே மாறிவிட்டது. சந்தா, கணக்கு, தேர்ந்தெடுக்கப்பட்ட பொறுப்பாளர்கள் என்பனவே இதில் புதியவை. தமிழ்நாடு அரசும் 2017 இல் குடிமராமத்து என்ற பெயரிலேயே ஒரு திட்டத்தைத் தொடங்கியது.

இதே அமைப்புகள் வளர்த்த களஞ்சியம் இயக்கத்தில், பெண்கள் சிறுகச் சேமித்துத் தமக்குள் கடன் வழங்கிக்கொள்கின்றனர். அதன் தலைவர்களுள் ஒருவரான சின்னப்பிள்ளை, 2001 இல் பிரதமர் வாச்பாயிடமிருந்து விருது பெற்றபோது பிரதமரே அவர் காலில் விழுந்து வணங்கியது நாடெங்கும் அறியப்பட்டது. 2019 இல் அவருக்குப் பத்மசிறீ விருது வழங்கப்பட்டது.

எல்லைகளும் விமர்சனங்களும்

மதுரை தியாகராசர் பொறியியற் கல்லூரியின் ராஜகோபாலன் வாசுதேவன் நெகிழிக் கழிவைத் தார்ச்சாலையில் பயன்படுத்தும் முறையை உருவாக்கி, 2018 இல் பத்மசிறீ பெற்றார். இது அடிப்படையில் தொழில்நுட்பப் புத்தாக்கம். கழிவைப் பொறுக்கி, பிரித்துத் தருவோருக்கு நிலையான விலையும் பாதுகாப்பும் கிடைக்கும் ஏற்பாடு உடன் அமைந்தால்தான் அதனைச் சமூகப் புத்தாக்கம் எனலாம்.

அரசு செய்யவேண்டிய கடமைகளைத் தன்னார்வ அமைப்புகள் மீதும் ஏழைகளின் உழைப்பின் மீதும் சுமத்த இக்கருத்து இடந்தருகின்றது என்பது பொதுவான விமர்சனம். யாருடைய குரல் உள்ளடங்குகின்றது என்பது மற்றொன்று. பாசன சங்கங்களில் நிலமுடையோரே இயல்பாக முதன்மை பெறுவர். ஆனால் கண்மாயில் மீன் பிடிப்போர், கால்நடை மேய்ப்போர், கரையில் விறகு எடுப்போர் ஆகியோருள் பலருக்கு ஆயக்கட்டில் ஒரு சென்ட் நிலமும் இல்லை. மடை எப்போது திறக்கப்படும், கோடையில் மீனுக்காக எவ்வளவு நீர் விடப்படும் என்ற முடிவுகள் அவர்களையும் பாதிக்கின்றன.