பதில் வராத விண்ணப்பம்

ரெம்பாவ் வட்டாரத்துத் தோட்டங்களில் பிறந்து வளர்ந்து, செம்போங் தொழிற்பேட்டையிலோ சிரம்பானிலோ உத்தியோகம் தேடிச் செல்லும் நம் பிள்ளைகளில் பலர், நேர்முகத் தேர்வின் முடிவில் "பிறகு கூப்பிடுகிறோம்" என்று சொல்லப்படும் ஒரு வார்த்தையை நம்பி, இருக்கிற வேலையையும் உதறிவிட்டு, வாரக்கணக்கில் கைப்பேசியைப் பார்த்தபடி காத்துக் கிடக்கிறார்கள். கங்காணியின் வாய்வார்த்தையை நம்பிக் கப்பலேறியவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு, 1938இல் இந்திய அரசாங்கம் அந்த ஆள்சேர்ப்புக்கே தடை விதித்து இத்தனை காலமான பின்பும், இந்த நிலை மாறவில்லை.

சட்டம் இங்கே என்ன சொல்கிறது? மலேசியாவின் 1955ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டம் வேலையில் சேர்ந்தவருக்கே பிரதானமாகப் பாதுகாப்பளிக்கிறது. விண்ணப்பித்தவருக்குப் பதில் எழுதியாக வேண்டுமென்று முதலாளியை நிர்ப்பந்திக்கும் விதி அதில் கிடையாது. நம்மவர் பெருந்தொகையாக வாழும் கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்திலோ, 25 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் ஸ்தாபனம், பகிரங்கமாக விளம்பரம் செய்த வேலைக்கு நேர்முகம் கண்டவருக்கு, 45 நாட்களுக்குள் முடிவு எடுக்கப்பட்டதா என்பதைத் தெரிவித்தாக வேண்டும் என்பது 2026 ஜனவரி முதல் சட்டம். மரியாதையைச் சட்டம் போட்டுத்தான் வாங்க வேண்டியிருக்கிறது என்பது வருந்தத்தக்கதே. ஆனாலும் நமக்கும் அது வேண்டும்.

எனினும் நாம் முற்றிலும் நிராயுதபாணிகள் அல்லர். ஒரு மாதத்துக்கு மேற்பட்ட வேலை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும் என்பதும், அதை முடித்துக்கொள்ளும் முறையும் அதில் கண்டிருக்க வேண்டும் என்பதும் நம் வேலைவாய்ப்புச் சட்டத்தின் விதி. தொழிற்சங்க உறுப்பினர் என்ற ஒரே காரணத்துக்காக வேலை மறுப்பதை 1967ஆம் ஆண்டுத் தொழிலுறவுச் சட்டம் தடை செய்கிறது. மேலும், ஐசி நகலையும் சான்றிதழ்களையும் பெற்றுக்கொண்டு மௌனம் சாதிக்கும் தனியார் நிறுவனத்திடம், தம் விவரங்கள் என்னவாயின என்று 2010ஆம் ஆண்டுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் எழுத்து மூலம் கேட்கலாம்; அவசியத்துக்கு மேல் அவற்றை வைத்திருக்க அச்சட்டம் இடம் தருவதில்லை.

இந்த மௌனத்தின் இடைவெளியில்தான் மோசடிக்காரன் நுழைகிறான். காத்துச் சலித்தவனிடம் வாட்ஸ்அப்பில் வந்து, "வேலை உறுதி, மருத்துவப் பரிசோதனைக்கு 200 ரிங்கிட் அனுப்பு" என்பான். சம்பளம் போடுவதற்கென்று வங்கி அட்டையையும் ரகசிய எண்ணையுமே கேட்பான். கொடுத்தால் பணத்தோடு போகாது. அந்தக் கணக்கில் பிறர் பணம் புரண்டு, போலீஸ் விசாரணை நம் வாசலுக்கு வரும். பணம் கைமாறிவிட்டால் தாமதியாமல் மோசடிப் புகாருக்கான 997 என்ற எண்ணை அழையுங்கள். ஆள் சேர்க்கும் தனியார் முகவருக்கு 1981ஆம் ஆண்டுத் தனியார் வேலைவாய்ப்பு முகமைச் சட்டப்படி உரிமம் அவசியம். அதைக் காட்டச் சொல்லத் தயங்க வேண்டாம், சந்தேகமிருந்தால் ஆள்பல இலாகாவில் விசாரியுங்கள்.

நேர்முகம் முடிந்ததும் எந்தத் தேதிக்குள் பதில் வரும் என்று கேட்டு, அதையே ஒரு குறுஞ்செய்தியாக நிறுவனத்துக்கு அனுப்பி வையுங்கள். தேதியும் சம்பளமும் கையொப்பமும் கொண்ட நியமனக் கடிதம் கைக்கு வரும்வரை, இருக்கும் வேலைக்கு ராஜிநாமா எழுதாதீர்கள்.