பழிக்கதையில் கேட்காத புலம்பல்

நேயர்களே, சிங்கீதம் சீனிவாசராவ் இயக்கி 1989இல் வெளிவந்த 'அபூர்வ சகோதரர்கள்' கொலைக்கதைதான். ஆயினும் அதைக் கண்டு சிரிக்கிறோம். தந்தையைக் கொன்ற நால்வரையும் சர்க்கஸ் கோமாளியாகிய அப்பு ஒருவர்பின் ஒருவராகப் பழிவாங்குகிறான். ஓரிடத்தில், ஒன்றையொன்று தட்டி இயக்கும் பொறிகளின் வரிசையே எதிரியின் உயிரைப் பறிக்கிறது. ஒவ்வொரு பொறியையும் கேமரா தனித்தனியே காட்டுவதால், அடுத்தது யாதோ என்னும் ஆவலில், சாகப்போகிறவன் மனிதன் என்பதையே மறந்துவிடுகிறோம். பின்னர் ஜனகராஜின் நகைச்சுவைப் புலனாய்வு தொடங்கிவிடுகிறது. மிகத் தேர்ந்த வேலைதான், ஐயமில்லை!

மலையகத் தோட்டங்களில் ஆடப்பட்டு வரும் காமன் கூத்து, தெரணியகலை நேயர்களுக்குப் புதிதன்று. அங்கே சிவனின் சினத்தால் காமன் எரிகிறான். அத்துடன் ஆட்டம் நின்றுவிடாமல், ரதியின் புலம்பல் நெடுநேரம் ஒலிக்கிறது. அப்புவின் கதையிலோ, கொல்லப்பட்டவர் வீட்டுப் புலம்பலுக்கு இடம் வைக்கப்படவில்லை.